மாதம் 25 ஆயிரம் வாங்கும் பையன் கையில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை?

கேள்வி இது: "என் மகன் கல்விக் கடன் 4 லட்சம் வாங்கி இன்ஜினியரிங் படித்தான். ஒன்றரை வருடமாகச் சென்னையில் வேலை. ஆண்டுக்கு 3.6 லட்சம் சம்பளம் என்றார்கள். வீட்டுக்கு மாதம் 5,000 அனுப்பச் சொன்னால் பேச்சையே மாற்றுகிறான். நான் 1999ல் ராஜபாளையத்தில் நூற்பாலையில் 6,000 ரூபாய் சம்பளம் வாங்கி, அதில் தங்கைக்குக் கல்யாணமே செய்து வைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லையா, இல்லை விலைவாசி நிஜமாகவே அப்படி இருக்கிறதா? அவன் பேரில் கடன் வாங்கி வீட்டில் மாடி எடுக்கலாமா?"

ஐயா, நான் ஒரு நடுத்தர அளவுக் கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா பிரிவில் நெடுநாளாக இருப்பவன். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டும், அவர்கள் எழுதிக் கொடுக்கும் அட்வான்ஸ் விண்ணப்பமும் என் மேஜை வழியாகத்தான் போகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பையன் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் விலைவாசி என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடவும் முடியாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 3.6 லட்சம். பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 வருகிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆஃபர் லெட்டரில் எழுதுவது அவனால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 அந்த 30,000க்குள்ளேயே இருக்கிறது. அவன் பங்கு இன்னொரு 1,800. பணிக்கொடைக்கு என்று மாதம் 720 சொச்சம், அதுவும் அதற்குள்தான். நிரந்தரப் பணியாளர் என்றால் ஐந்து வருடம் இருந்தால்தான் அது கைக்கு வரும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. குரூப் இன்சூரன்ஸுக்குச் சில நூறு. எல்லாம் போகக் கைக்கு வருவது 25,000. 'வேரியபிள் பே', அதாவது வேலையைப் பார்த்துப் பிறகு தருவது என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும் கம்பெனியானால் இன்னும் குறையும். இந்த வித்தியாசத்தை வேலைக்குச் சேரும் பிள்ளைகளே முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே 30 ஆயிரம் என்று சொல்லியாயிற்று, அதை எப்படித் திருத்துவது என்ற கூச்சம் வேறு.

அடுத்தது உங்கள் 6,000. மில்லில் விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பஞ்சப்படிக்குப் புள்ளிக் கணக்குப் பார்த்த பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்பதால் அதே வழியில் சொல்கிறேன். தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண், 1982ஐ 100 என்று கொண்ட வரிசையில், 1999-2000ல் சராசரியாக 428. அதற்குப் பிறகு அடிப்படை ஆண்டு 2001க்கும், பின்பு 2016க்கும் மாறியது. 4.63, 2.88 என்ற இணைப்புக் காரணிகளால் பெருக்கிப் பழைய வரிசைக்கே கொண்டுவந்தால் 2025ல் அந்த எண் 1,900ஐத் தாண்டி நிற்கிறது. அதாவது நாலரை மடங்கு. உங்கள் 6,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 27,000. பொறியியல் பட்டம் வாங்கிய மகன், கால் நூற்றாண்டு கழித்து, உங்களைவிட இரண்டாயிரம் குறைவாகத்தான் வாங்குகிறான். 'நான் ஆறாயிரத்தில் சமாளித்தேன், இவனால் 25 ஆயிரத்தில் முடியவில்லை' என்ற ஒப்பீடு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதிலும் குறியீட்டெண் காட்டாத சங்கதிகள் சில உண்டு. 1999ல் நீங்கள் அநேகமாகச் சொந்த வீட்டில், அம்மா சமையலில், சைக்கிளில் மில்லுக்குப் போனவர். வாடகை இல்லை, படிப்புக் கடன் இல்லை. அப்புறம், தங்கை கல்யாணம் என்றீர்களே, அதில் முக்கியமான செலவு நகை. அன்றைக்குப் பவுன் மூவாயிரத்து ஐநூறுக்குள். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் ஒன்றே முக்கால் பவுன் எடுக்கலாம். 2025 கடைசியில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த விலையில் உங்கள் மகன் நான்கு மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தால் ஒரு பவுன். நீங்கள் செய்த கல்யாணத்தை அவனால் இன்று செய்ய முடியாது என்பதற்குச் சிக்கனத்தைக் காரணமாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

சரி, மாதக் கணக்கு. பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதியில் மூன்று பேர் தங்கும் அறை, காலையும் இரவும் சாப்பாடு சேர்த்து 8,000. துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் இதற்குக் கீழே இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே குளியலறைக்கு வரிசை நிற்க வேண்டும், குடிக்கக் கேன் தண்ணீர் தனி. மதியச் சாப்பாடும் டீயும் வேலை நாட்களில் மட்டும் என்றாலும் 2,000. பஸ், ஷேர் ஆட்டோ, அல்லது பெட்ரோல் 1,800. போன் ரீசார்ஜ் 300லிருந்து 350. 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் ஒரே மூச்சில் ஏற்றினார்கள். அதுவும் 28 நாள் திட்டம் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை இல்லை, பதின்மூன்று முறை கட்ட வேண்டும்.

பிறகு கல்விக் கடன். 4 லட்சம்தானே வாங்கினோம் என்று இருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு தவணையில் வாங்கி, படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் கட்டாமல் இருந்தால், பத்தரை சதவீதத் தனி வட்டியிலேயே 1.47 லட்சம் ஏறியிருக்கும். கட்டத் தொடங்கும்போது அசல் 5.47 லட்சம். பத்து வருடத் தவணை என்றால் மாதம் 7,400 அளவில் வரும். ஏழு வருடத்தில் முடிக்கலாம் என்றால் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஓரளவு நிம்மதியாக இருந்த பிள்ளைகள் திடீரென்று திணறுவது இந்தத் தவணை தொடங்கும் மாதத்தில்தான். உங்கள் மகனுக்கு இது தொடங்கி ஆறு மாதம் இருக்கும். அவன் பேச்சை மாற்ற ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதானா என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டிப் பார்த்தால் 19,500 சொச்சம். மிச்சம் ஐயாயிரத்துக்கு மேல் நானூறு ஐநூறு. நீங்கள் கேட்கும் 5,000ஐ அனுப்ப முடியும்தான். அனுப்பிவிட்டால் சோப்பு, சலவை, செருப்பு, காய்ச்சல் மாத்திரை, ஊருக்கு வந்துபோகும் பஸ், நண்பன் கல்யாண மொய் அத்தனையும் அந்த நானூறில் முடிய வேண்டும். தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸில் ஒரு வழிக்கு என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

தின்னாமல் உடுத்தாமல் இருக்கும் வறுமை இது என்று நான் சொல்ல வரவில்லை. மாதச் செலவு எப்படியோ ஓடிவிடும். சிக்கல் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டிய தொகைகளில் இருக்கிறது. பி.ஜி.யை விட்டு நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தலைக்கு வாடகை குறையும், சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் 20,000 வாடகை வீட்டுக்கு ஐந்து மாதம் ஆறு மாதம் அட்வான்ஸ் கேட்பார்கள். பத்து மாதம் கேட்டது சென்னையில் சாதாரணமாக இருந்தது. இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கேஸ் அடுப்பு, பாய், ஃபேன் வேறு. தலைக்கு நாற்பது ஐம்பதாயிரம் கையில் இருந்தால்தான் மாதம் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்கும் அந்த வீட்டுக்குள் நுழையவே முடியும். அந்த முதல் இல்லாததால்தான் பையன்கள் கூடுதல் விலை கொடுத்துப் பி.ஜி.யிலேயே கிடக்கிறார்கள். மற்றதும் இப்படித்தான்: வருடச் சந்தா மலிவு, மாதச் சந்தா அதிகம், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி, தவணையில் வாங்கினால் பிராசஸிங் கட்டணம்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற வால் அதில் ஒட்டியிருப்பதால் வீட்டுக்காரர்கள் கவலைப்படுவதில்லை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று அட்வான்ஸில் பிடித்தம் செய்யும்போது, பதிவு செய்த காகிதம் கையில் இருப்பவன் பேச்சுக்குத்தான் மதிப்பு. மின்சாரமும் அப்படி. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை ஓடினால், 2024 ஜூலை கட்டணப்படி, யூனிட் 4.80ஐத் தாண்டாது, முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர்கள் தனியாகச் சப்-மீட்டர் வைத்துக்கொண்டு முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் வாங்குவது ஊரறிந்த வழக்கம். அரசு கொடுக்கும் இலவச மின்சாரம் சொந்த வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சுமை பணவீக்க விகிதப் புள்ளிவிவரத்தில் ஏன் தெரிவதில்லை என்று கேட்கலாம். 2026 தொடக்கம் வரை வழக்கில் இருந்த, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீத எடை. வீட்டு வசதிக்கு நாடு முழுவதுக்குமாகச் சேர்த்து 10.07. கிராமத்தில் வாடகையை அதில் கணக்கிலேயே எடுக்கவில்லை. நகர்ப்புறத்துக்கு மட்டும் 21.67. இது ஒரு குடும்பத்தின் சராசரிக் கூடை. ஊரைவிட்டு வந்து ஒண்டிக்கட்டையாக இருக்கும் 23 வயதுக்காரன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிலுக்கும் இரண்டு வேளைச் சோற்றுக்குமே கொடுக்கிறான், இன்னொரு முப்பது சதவீதத்தைக் கல்விக் கடனுக்குக் கொடுக்கிறான். கடன் தவணை அந்தக் கூடைக்குள் வரவே வராது. தக்காளி விலை இறங்கிப் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும் நாளில் அவனுக்கு ஒன்றும் மாறியிருக்காது.

விலைவாசி மட்டும் காரணமில்லை என்று சொன்னேன். இன்னொரு பாதி, சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்பது. ஐ.டி. துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பும் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம்தான். அதே காலத்தில் பொது விலைவாசி அறுபது எழுபது சதவீதம் ஏறிவிட்டது. 2024ல் காக்னிசன்ட் பட்டதாரிகளுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்து இணையத்தில் கேலிக்கு உள்ளானது. அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கு, பொறியியல் படித்தவர்களுக்கு 4 லட்சத்திலிருந்து என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். கம்பெனிகள் ஏன் ஏற்றுவதில்லை என்றால், ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். ஒருவன் வேண்டாம் என்றால் வரிசையில் அடுத்தவன் நிற்கிறான். நான்கைந்து வருட அனுபவம் வந்தவர்களுக்கு நன்றாகவே ஏறுகிறது, அதை மறுக்க மாட்டேன். அந்த நான்கைந்து வருடத்தைத் தாண்டுவதுதான் பாடு.

இந்தப் பாட்டில் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சினிமாவும் பிரியாணியும் போவதில்லை, அதெல்லாம் எப்படியோ நடக்கும். 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் போகிறது. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருப்பவன், ராத்திரி பதினொரு மணிக்கு வேலை வாங்கும் மேலாளரிடம் முடியாது என்பான், 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடுவான், பிடிக்காத வரனை வேண்டாம் என்பான், போட்டித் தேர்வுக்கு ஆறு மாதம் உட்காருவான். பணம் இல்லாதவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், சரிங்க. சின்னக் கம்பெனிகளில் பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு அசல் சான்றிதழைப் பூட்டி வைப்பது இன்னும் நடக்கிறது. அதை எதிர்த்துக் கேட்க வழி இருக்கிறது என்று தெரிந்தவர்களும் கேட்பதில்லை. அடுத்த மாதத் தவணை பத்தாம் தேதி நிற்கிறது.

எங்கள் அலுவலகத்தில் சம்பள அட்வான்ஸ் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மாதம் பிறந்து பதினெட்டு இருபது தேதிக்கு மேல் இந்தப் படிவங்கள் வர ஆரம்பிக்கும். அக்கா வளைகாப்பு, ரூம் அட்வான்ஸ், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு பையன் 'பல்' என்று மட்டும் எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டதில், வேர் சிகிச்சையும் மேலே மூடுவதற்கும் சேர்த்து ஒன்பதாயிரம் சொல்லியிருக்கிறார்கள். குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று வந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தக் காப்பீடு, பல்லுக்குக் கிடையாது. இரண்டு மாதமாக வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு பக்கமாகவே மென்று தின்றுகொண்டிருந்திருக்கிறான். முதலிலேயே போயிருந்தால் எண்ணூறு ரூபாயில் அடைத்து முடித்திருக்கும் சமாச்சாரம். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவது, கண்ணாடி நம்பர் மாறியும் பழையதையே போட்டுக்கொண்டிருப்பது, சளியோடு வண்டியில் போவது என்று உடம்பிலிருந்து கடன் வாங்குவது இந்த வயதில் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

பணமாகவும் கடன் வாங்குகிறார்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மிச்சத்துக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி ஓடும்; ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல். கந்துவட்டி என்று சொன்னால் அலறுகிறவர்கள் கார்டு என்றால் அலறுவதில்லை. அதைவிட மோசம் போன் செயலியில் வாங்கும் கடன். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டு வந்தது: கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் என்று சொல்ல வேண்டும், மொத்தச் செலவையும் ஆண்டு விகிதமாக ஒரே தாளில் காட்ட வேண்டும், போனில் இருக்கும் எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டிலும் 2025ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, செயலிக் கடனும் அதில் அடங்கும். இவை நல்ல விதிகள்தான். ஆனால் விதிக்கு வெளியே இருக்கும் செயலிதான் இரவு இரண்டு மணிக்கு ஐந்து நிமிடத்தில் பணம் போடுகிறது. பையன் மாட்டியிருந்தால் திட்டாதீர்கள். மிரட்டல் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லலாம் என்பதை மட்டும் அவன் காதில் போட்டு வையுங்கள்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை உருவுவதும் பரவலாக நடக்கிறது. ஒன்றரை வருடத்தில் அவன் பங்கும் கம்பெனி பங்குமாகச் சேர்ந்தது நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். (கம்பெனி பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனது போக.) அவனிடம் இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான், அவனுக்கே தெரியாமல் சேர்ந்தது. அதை எடுத்து அட்வான்ஸ் கொடுப்பதும் போன் வாங்குவதும் நான் பார்த்துச் சலித்த காட்சி.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. ஆண்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, புறநகரில் இருட்டுச் சந்து ஒன்றிலோ மலிவாகத் தங்கிக்கொள்ளலாம். பெண்ணுக்கு வாட்ச்மேன், கேமரா, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்று பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. அதற்கு மாதம் ஓரிரு ஆயிரம் கூடுதல். இரவு ஷிஃப்ட் முடிந்தால் ஆட்டோதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது இந்த வயதுப் பெண்களுக்கு உண்மையிலேயே பெரிய கை கொடுத்தல். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உட்படப் பல இடங்களில் நன்றாக நடக்கின்றன. தேவைக்கு முன்னால் அந்த எண்ணிக்கை எந்த மூலைக்கு! தனியார் விடுதியில் வாடகையோடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், ஆண் பெண் யாராக இருந்தாலும். 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில், தலைக்கு மாதம் 20,000க்குள் வாடகையும் தொடர்ந்து 90 நாள் தங்கலும் இருந்தால் வரி இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

ஊதாரித்தனமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். பி.ஜி.யில் இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, சாம்பார் சரியில்லை என்று செயலியில் பரோட்டா வரவழைக்கிறார்கள். கடையில் இருக்கும் விலையைவிட அதில் ஏற்றம், அதற்கு மேல் டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு விலையில் போன். இதையெல்லாம் கறாராக நிறுத்தினால் மாதம் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் மிஞ்சும். அது நல்லதுதான். ஆனால் அந்த இரண்டாயிரத்தை வருடம் முழுக்கச் சேர்த்தாலும் வாடகை வீட்டுக்குள் நுழைய வேண்டிய அவன் பங்குத் தொகையில் பாதிதான் தேறும். கூடத் தங்கியிருக்கும் பையன்களில் ஒருவன் மட்டும் எதற்கும் வராமல் இருந்தால், ஊரைவிட்டு வந்த பையனுக்கு இருக்கும் ஒரே துணையும் போய்விடும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நிற்பதற்கும் காசு வேண்டியிருக்கிற ஊர் இது.

நீங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் கட்டாயத் தேவை இல்லை என்றால் அந்த 5,000ஐ இரண்டு வருடத்துக்குக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் மாதம் 2,500ஐ ஒரு தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டு, ஒரு மாதச் சம்பளம் சேரும் வரை தொடக்கூடாது என்று இரண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கூடுதலாக வருவதைக் கல்விக் கடன் அசலில் கட்டச் சொல்லுங்கள். கல்விக் கடனை முன்கூட்டிக் கட்டினால் பொதுவாக அபராதம் கிடையாது, கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினாலும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் ஏறிவிடும், அது பின்னால் வீட்டுக் கடன் வரை வந்து நிற்கும். கடன் எடுத்தபோது நீங்களும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் என்பதால் உங்கள் மதிப்பெண்ணும் சேர்ந்தே அடிபடும். உங்களுக்கு இன்னொரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால், படிப்புக் காலத்திலேயே மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள். அந்த 1.47 லட்சம் அசலோடு சேராமல் இருக்கும்.

கடைசியாக மாடி. பத்து லட்சம் எட்டரை சதவீதத்தில் இருபது வருடத்துக்கு வாங்கினால் மாதம் 8,700 அளவில் வரும். கல்விக் கடன் தவணையோடு சேர்த்தால் 16,000. வங்கிகள் பொதுவாகக் கைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணை போவதை விரும்புவதில்லை. அவன் சம்பளத்தில் பாதி 12,500தான். ஆகவே அவன் பேரில் மட்டும் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. உங்கள் வருமானத்தையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கலாம். ஆனால் உங்கள் வயதைப் பார்த்துத் தவணைக் காலத்தைச் சுருக்குவார்கள், மாதத் தொகை இன்னும் ஏறும். அவன் சம்பளம் நாற்பதாயிரத்தைத் தொட்ட பிறகு, அல்லது கல்விக் கடன் பாதியாவது அடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்ற யோசனை இருந்தால், உங்கள் தெருவில் இப்போது மாடி வீட்டுக்கு என்ன வாடகை போகிறது என்று முதலில் விசாரியுங்கள். மாதம் 8,700 வராத வீட்டுக்காக அந்தத் தவணையை அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.